சுவரைக் கழுவும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

தரங்கம்பாடியில் கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி என் வீடு. முப்பத்தாறு ஆண்டுகளாகக் கொத்து வேலை செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் பழைய சுவர்களைச் சரிசெய்யும் வேலைதான். தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கூப்பிடுவார்கள். "மேஸ்திரி, மதில் கறுத்துப்போய்க் கிடக்கிறது. ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கொடுங்கள்" என்பார்கள். வீட்டுக்கு வீடு நின்று நான் சொல்லும் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஆசிட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது, பழைய வீடு ஒன்றின் செங்கல் மதிலை ஆசிட் கலந்த தண்ணீரால் கழுவினேன். அன்று மாலை சுவர் புதுச் செங்கல் போலச் சிவந்து நின்றது. வீட்டுக்கார ஆச்சி மகிழ்ந்து வேட்டி வாங்கிக் கொடுத்தார். அடுத்த மழை முடிந்து போய்ப் பார்த்தபோது செங்கற்களுக்கு இடையில் சாந்து இல்லை. விரலை விட்டால் பாதி விரல் உள்ளே போனது. அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், சிமெண்டையும் அரிக்கும். நான் கழுவியது அழுக்கை மட்டும் அல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கூலி வாங்காமல் மூன்று வாரம் உட்கார்ந்து அந்த மதிலுக்குச் சாந்து அடைத்தேன். அதற்குப் பிறகு செங்கல் சுவரில் ஆசிட் வைத்ததே இல்லை.

செங்கல் சுவரில் வெள்ளையாக மாவு போலப் பூத்திருப்பது உப்பு. எங்கள் ஊரில் இது இல்லாத சுவர் அபூர்வம். 1620-இல் டேனியர்கள் கட்டிய கோட்டை கடற்கரையிலேயே நிற்கிறது. பக்கத்தில் மாசிலாமணி நாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. உப்புக் காற்று இங்கே யாரையும் விட்டுவைக்காது. ஆனால் காற்றைவிட, தரையிலிருந்து ஏறும் ஈரம்தான் அதிக உப்பைக் கொண்டுவருகிறது. நல்ல செங்கல்கூட ஒரு நாள் முழுக்க ஊறினால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீரில் கரைந்த உப்பு, வெயில் பட்டதும் செங்கல் முகத்தில் வந்து உறைந்து பூக்கிறது. முகத்துக்குச் சற்று உள்ளேயே உறைந்துவிட்டால் செங்கல் பொரிந்து தூளாகக் கொட்டும்.

ஆகவே உப்பைக் கண்டவுடன் தண்ணீர்க் குழாயை எடுக்காதீர்கள். நனைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்ததும் திரும்ப வரும். சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் தேங்காய் நார் பிரஷ்ஷால் உலர்வாகத் தட்டி எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். விழும் உப்பைக் கீழே ஒரு சாக்கு விரித்துப் பிடித்து அப்புறப்படுத்துங்கள். சுவர் ஓரத்தில் விட்டால் முதல் மழையில் மண் வழியாக மீண்டும் ஏறிவிடும். பிறகு ஈரத்தின் வழியைத் தேடுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண், அடியில் வைத்த பூந்தொட்டிகள், உடைந்த மழைநீர்க் குழாய், குளியலறைத் தண்ணீர் தேங்கும் குழி. பத்தில் எட்டு வீட்டில் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் சுவரைச் சுத்தம் செய்வது, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம்.

கழுவத்தான் வேண்டும் என்றால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கடலோர ஊர்களில் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீர் கரிக்கும். நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தத் தண்ணீரால் சுவரைக் கழுவவும் கூடாது, சாந்து குழைக்கவும் கூடாது. நான் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்திருக்கிறேன்.

செங்கல்லுக்கு வெறும் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். சுவரைக் கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டு போங்கள். தேய்ப்பதும் அலசுவதும் மேலிருந்து கீழாக. காய்ந்த செங்கல் மேல் அழுக்குத் தண்ணீர் வழிந்தால் அதை உறிஞ்சிக் கோடு விழும், அதற்காகத்தான் முதலில் நனைப்பது. இப்போது பலர் வாடகைக்கு எடுக்கும் அழுத்த நீர் இயந்திரத்தைப் பழைய செங்கல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சூளையில் வெந்த செங்கல்லின் மேல்முகம் கெட்டி. உள்ளே அவ்வளவு கெட்டி இல்லை. அந்த முகம் போய்விட்டால் செங்கல் கடற்பஞ்சு போல மழையைக் குடிக்கும்.

சாந்து உதிர்ந்த இணைப்புகளை அடைப்பதில்தான் என் தொழிலின் உயிர் இருக்கிறது. எல்லோரும் சிமெண்டைக் கேட்கிறார்கள், சீக்கிரம் இறுகும், கெட்டியாக இருக்கும் என்று. பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கெட்டிதான் கேடு. சுவருக்குள் இருக்கும் ஈரம் சாந்து வழியாக வெளியேற வேண்டும். சாந்து சிமெண்டாகி அடைத்துக்கொண்டால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறும்; உப்பும் அங்கேயே பூக்கும். சில ஆண்டுகளில் சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, நடுவே செங்கல் குழிந்துபோன சுவர்களை எங்கள் ஊரில் எத்தனை வேண்டுமானாலும் காட்டுவேன். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்வது சாந்தாக இருந்தால் மறுபடி அடைக்கலாம். செங்கல் தேய்ந்தால் என்ன செய்வது?

நான் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி நீற்றிக்கொள்கிறேன். தொட்டியில் தண்ணீரை முதலில் விட்டு, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அதில் போட வேண்டும். சுண்ணாம்புக் குவியல் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியில் மூன்று வாரமாவது கிடக்கட்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு நன்றாகச் சலித்த ஆற்று மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது.

உதிர்ந்த சாந்தைச் சிறு உளியால் ஓர் அங்குல ஆழம் வரை சுரண்டி, தூசியை ஊதி, நனைத்து, சாந்தை இரண்டு தடவையாக அழுத்தி அடையுங்கள். செங்கல் முகத்தில் அப்பக் கூடாது. கோட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். நண்பகல் வெயிலில் செய்தால் காய்ந்து வெடிக்கும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரம் காத்துக் கொடுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அந்தப் பொறுமையைச் சுவர் பல ஆண்டுகளுக்குத் திருப்பித் தரும். முடித்த செங்கல் மேல் பளபளப்பு வார்னிஷோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடிக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

கான்கிரீட் தரையிலும் படியிலும் வழுக்கும் பச்சைப் பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் போதும். முதலில் தகரத் தட்டால் சுரண்டுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, கால் மணி நேரம் கழித்து, காய்வதற்கு முன் தேய்த்து அலசுங்கள். செடிகள் பக்கத்தில் இருந்தால் முன்பே தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சே நின்றுபோகும்.

சன்ஷேடு வேறு விஷயம். அதில் பழுப்புக் கறையோ நீளவாக்கில் வெடிப்போ தெரிந்தால் அது அழுக்கு அல்ல, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு பழைய இரும்பைவிடப் பல மடங்கு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் விட்டுப்போயிருக்கிறது. அதை முழுவதும் உடைத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும்படி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்த பிறகே பூச வேண்டும். பூசியதை ஏழு நாள் நனையுங்கள். கம்பி பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் பூச்சை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழைத்து வாருங்கள். மேலே பூசி மறைத்த சன்ஷேடு ஒரு நாள் யார் தலையிலாவது விழும்.

கருங்கல் திண்ணைக்கு அவ்வளவு கவலை வேண்டாம். விளக்கு எண்ணெய் இறங்கிய கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால் எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். பழைய கறைக்கு மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். இரும்புக் கறையை எலுமிச்சைச் சாறு கருங்கல்லில் எடுக்கும். ஆனால் உங்கள் வாசலில் இருப்பது கடப்பைக் கல்லாக இருந்தால் எலுமிச்சை ஆகாது, அது சுண்ணாம்புக் கல் வகை. சந்தேகம் இருந்தால் ஒரு மூலையில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தாலோ மெருகு மங்கினாலோ விட்டுவிடுங்கள்.

மதிலில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலை விட்ட அன்றே பிடுங்குங்கள். தழையை மட்டும் ஒடித்தால் வேர் உள்ளே பருத்துக்கொண்டே போகும். பருத்துவிட்டால் அந்த இடத்துச் செங்கற்களைக் கழற்றி வேரை முழுவதும் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஐப்பசியில் முதல் கனமழை கொட்டும்போது குடையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். தண்ணீர் எங்கே சுவரில் அடிக்கிறது, எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும் அந்த இடங்களில் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். தை மாதம் நான் வந்தால் முதலில் அந்தக் கோடுகளைத்தான் கேட்பேன்.