விலை மலிவுதான், ஆள் ஏன் உள்ளே வருவதில்லை? எஸ்டேட் டவுன் துணிக்கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த டவுனில் மலிவு விலைத் துணிக்கடை நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வருகிற புகார் ஒன்றுதான்: "வர்றாங்க, பாக்குறாங்க, போறாங்க. எடுக்க மாட்டேங்கிறாங்க." பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, ஷோப்பி என்ற இணையக் கடை, 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஈப்போவின் லிட்டில் இந்தியா என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கையில் காசோடு வந்த ஆளையே கடையில் துணி அடுக்கியிருக்கும் விதம் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

இந்த டவுன்களின் வாடிக்கையாளருக்கு ஒரு குணம் உண்டு. விலை கேட்கக் கூச்சப்படுவார். கேட்டுவிட்டு எடுக்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். கடைக்கார அண்ணனுக்கு அவர் வீட்டுக்காரரைத் தெரியும், மாமியாரையும் தெரியும். பேரங்காடியில் இந்தச் சங்கடம் இல்லை. அங்கே யாரும் யாரையும் தெரியாது. ஆகவே இங்கே துணிதான் பேச வேண்டும். என்ன விலை, என் சைஸ் இருக்கிறதா, தொட்டுப் பார்க்கலாமா என்ற மூன்றுக்கும் வாய் திறக்காமலேயே பதில் கிடைக்க வேண்டும்.

விலையை ஒளித்து வைப்பது

ஒரு பெண் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில் நின்று, வாசலில் தொங்கும் பஞ்சாபி சூட்டைப் புரட்டுகிறார். கழுத்துப் பட்டியில் பார்க்கிறார், இல்லை. கை இடுக்கில் தேடுகிறார், இல்லை. துப்பட்டாவை விலக்குகிறார். அதற்குள் உள்ளிருந்து ஒரு தங்கச்சி "என்னக்கா வேணும்?" என்று எழுந்து வருகிறாள். அவ்வளவுதான், "சும்மா பாத்தேன்மா" என்று கையை விட்டுவிட்டு நடந்துவிடுவார். அந்தச் சீட்டு உள்தையலில் இருந்திருக்கும். விலையும் அவர் நினைத்ததைவிடக் குறைவாகவே இருந்திருக்கும்.

சீட்டு எல்லாத் துணியிலும் ஒரே இடத்தில் தொங்கட்டும்; இடது கை ஓரம் வசதி. ஒவ்வொரு ரேக்கின் தலையிலும் பெரிய எண்ணில் ஒரு பலகை வையுங்கள். எழுத்தைவிட எண் முக்கியம், ஏனென்றால் இன்று தோட்டத்து வேலைக்காரர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்து ஜீன்ஸும் சட்டையும் எடுப்பவர்கள் அவர்கள்தான். அவர்களை வாடிக்கையாளராகவே நினைக்காமல் ஆண்கள் துணியைக் கடைசி மூலையில் தள்ளுவதும் ஒரு தவறு.

விலை ஒட்டுவது விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. 2011 ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் சோதனைக்கு வருவார்கள்.

இன்னொன்று, 9.99 என்று போடுவது. நம் நாட்டில் 2008 ஏப்ரலிலிருந்து கவுண்டரில் கடைசி சென் 5 சென்னுக்குத்தான் சரிசெய்யப்படுகிறது. ரொக்கமாகக் கொடுக்கும் ஆள் 10 வெள்ளிதான் (ரிங்கிட்) கொடுப்பார், அது அவருக்கும் தெரியும். 9.90 போடுங்கள், நம் ஊரில் கண்ணுக்குப் பழகியது அதுதான். வருஷம் முழுக்கச் சிவப்பில் 'மலிவு விற்பனை' தொங்கவிட்டால் தீபாவளி சமயத்தில் அதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அஞ்சடியைக் கடையாக்குவது

அஞ்சடி நடக்கிறவர்களுக்கு. அங்கே ரேக்கை இழுத்துப் போடுவது 1974 ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். ஊராட்சி மன்றத்து லாரி வந்து தூக்கிக்கொண்டு போனால் மட்டுமே நம் ஆட்களுக்கு அது நினைவு வரும். சட்டத்தை விடுங்கள், வியாபாரத்துக்கே அது கெடுதல். வெயிலில் சாயம் வெளுக்கும், லாரித் தூசி படியும், சாயங்கால மழைச் சாரல் அடிக்கும். அதைவிட, வெளியே தொங்கும் துணி உள்ளே பார்க்கும் கண்ணை மறைத்துவிடுகிறது. கடை இருட்டாகத் தெரிந்தால் ஆள் நுழையமாட்டார்.

அதற்காக வாசலைத் தாண்டியதும் புதுச் சரக்கைக் குவிக்கவும் கூடாது. வெயிலிலிருந்து வருபவருக்குக் கண் பழகச் சில நொடி ஆகும்; முதல் நான்கைந்து அடியில் இருப்பதை அவர் பார்க்காமலே கடந்துவிடுவார். அந்த இடத்தைக் காலியாக விட்டு, முதல் மேசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்கள்.

வெளிச்சம்

அதிகம் பேசப்படாத தவறு இது. நம் கடைகளில் பாதிக்கு மேல் வெள்ளை வெளேர் என்ற 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை) குழல் விளக்குதான் எரிகிறது. மலிவு, பளிச்சென்று இருக்கும். ஆனால் அதில் மெரூன் பழுப்பாகத் தெரியும், அரக்குச் சிவப்பு செத்துப்போகும், மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகிவிடும். அதனால்தான் அம்மாக்கள் சேலையை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்குப் போய்ப் பார்க்கிறார்கள். கடைக்காரர் அதைத் திருட்டோ என்று சந்தேகமாகப் பார்க்கிறார். வேலைக்காரப் பெண்ணைப் பின்னாலேயே அனுப்புகிறார். அந்த அம்மா அதற்கப்புறம் அந்தக் கடைப்பக்கம் வருவாரா?

4000 கெல்வின் அளவில், நிறம் காட்டும் குறியீடு (CRI, நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்ற எண்) 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்கைச் சேலை, பிளவுஸ் பகுதியிலும் கண்ணாடிக்கு முன்னாலும் மட்டுமாவது போடுங்கள். கடை முழுக்க மாற்றக் காசில்லை என்றால் பரவாயில்லை. குறியீட்டு எண் விளக்கின் பெட்டியிலேயே இருக்கும், வாங்குமுன் திருப்பிப் பாருங்கள். விளக்கைக் கூரை விசிறிக்கு மேலே மாட்டாதீர்கள். இறக்கை வெட்டி வெட்டி விழும் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் நின்றால் தலை வலிக்கும்.

பொம்மைக்குப் பின்னால் கிளிப்

கடைகளில் இருக்கும் பொம்மைகள் பெரும்பாலும் ஒல்லி. அதற்கு எக்ஸ்எல் துணியைப் போட்டு முதுகில் துணிக் கிளிப் மாட்டி இறுக்கிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்க்க அழகு. போட்டுப் பார்க்கும்போது வேறு துணியாக இருக்கும், எரிச்சல் வரும். சீனாவிலிருந்து வரும் மலிவுத் துணிகளில் 'எல்' என்று இருப்பது பல சமயம் நம் 'எம்' அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே எழுத்து சைஸோடு மார்பளவை அங்குலத்தில் எழுதி ஒட்டுவது பெரிய உபகாரம். ஒரு பருமனான பொம்மையாவது வாங்கிப் போடுங்கள். 3 எக்ஸ்எல் இருக்கிறது என்பதைக் கேட்காமலே தெரிந்துகொண்டால் எத்தனை அக்காமார்களுக்கு நிம்மதி!

ரேக்கில் சிறியது முன்னால், பெரியது பின்னால் என்று வரிசை மாறக் கூடாது. துணிகளுக்கு இடையில் கை நுழைந்து தள்ளிப் பார்க்க இடம் வேண்டும். ஒரு கம்பியில் திணித்து வைத்தால் ஒன்றை எடுக்கும்போது நான்கு கீழே விழும், வெட்கப்பட்டு அவரே பொறுக்கி மாட்டிவிட்டுப் போய்விடுவார். பிளாஸ்டிக் உறையோடு அடுக்குவதும் வேண்டாம். மாதிரிக்கு ஒன்றை வெளியே எடுத்து வையுங்கள், மற்றவை உறையில் இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இப்போது பரவுகிறது. கோலாலம்பூர் பேரங்காடியைப் பார்த்துவிட்டு வந்து, நீளச் சுவரில் ஐந்து சட்டையைத் தொங்கவிட்டு மீதியைக் காலியாக விடுகிறார்கள். இங்கே அது 'விலை அதிகம்' என்று சொல்லும் அடுக்கு. மலிவுக் கடை நிறைவாக இருக்க வேண்டும், ஆனால் நிறம் வெளிரிலிருந்து அடர்த்தி வரை ஓடி, கண்ணுக்கு ஒழுங்கு தெரிய வேண்டும்.

உடை மாற்றும் அறை, நடைபாதை

சரக்குப் பெட்டி அடுக்கிய மாற்றும் அறை, திரை முழுவதும் மூடாத மாற்றும் அறை, கண்ணாடி வெளியில் மட்டும் இருக்கும் மாற்றும் அறை: இந்த மூன்றும் இருக்கும் கடையில் யாரும் எதையும் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டு கொக்கி, ஒரு முக்காலி, உள்ளேயே கண்ணாடி. போதும்.

நம் கடைவரிசைக் கடைகள் அகலம் குறைந்து ஆழமாகப் போகிறவை. மூன்று வரிசை ரேக் போடும் ஆசையில் நடக்கும் வழியை இரண்டடியாக்கிவிடுகிறார்கள். கீழ்த்தட்டில் குனிந்து பார்க்கும் பாட்டியைப் பின்னால் யாராவது இரண்டு முறை இடித்தால் நிமிர்ந்து வெளியே போய்விடுவார். பாட்டிமார் எடுக்கும் கைலி, நைட்டி இரண்டையும் இடுப்பு உயரத்தில் வையுங்கள். பின்வாசலைச் சரக்கால் அடைக்காதீர்கள். தீ பிடித்தால் அதுதான் வழி.

நேரம் தவறுவது

1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். டவுனில் காசு புழங்குவது அந்த வாரம்தான். 20 ஆம் தேதிவாக்கில் முகப்பை மாற்றிவிட்டு, சம்பள வாரத்தில் பழைய முகமாக நிற்பது வீண். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் டிசம்பர் சம்பள வாரத்திலேயே சீருடை முன்னால் வர வேண்டும். தைப்பூச மஞ்சளும் அடுத்தடுத்து வந்துவிடும்.

தீபாவளிக்குக் குடும்பத்துக்கே ஒரே நிறத்தில் எடுக்கும் பழக்கம் இப்போது இங்கும் வந்துவிட்டது. கடைகளோ அப்பா சட்டையை ஒரு மூலையிலும் பிள்ளைகள் துணியை மாடியிலும் வைக்கின்றன. நான்கு பொம்மையைச் சேர்த்து நிறுத்தி, பக்கத்தில் ஒரே பலகையில் கூட்டிப் போடுங்கள்: அம்மா 39.90, அப்பா 29.90, மகள் 24.90, மகன் 19.90, மொத்தம் 114.60 வெள்ளி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் மனத்துக்குள் போடும் கணக்கு இதுதான்; அதை நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டால் ஈப்போவுக்குப் பஸ் ஏறுவதா வேண்டாமா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுவார். 2026 தீபாவளி நவம்பர் 8. அக்டோபர் சம்பள வாரத்துக்குள் அந்த நான்கு பொம்மையும் வாசலுக்கு நேரே நின்றாக வேண்டும். பண்டிகை முடிந்ததும் மீந்த சரக்கு, சில சைஸ் தீர்ந்துபோன துணிகளோடு, கடைசிச் சுவருக்குப் போய்விட வேண்டும்.