நாய்ப் பயிற்சிக்கு இடுப்புப் பை வாங்கும்போது

நாய் சொன்னதைச் செய்த ஓரிரு நொடிக்குள் தீனி வாய்க்குப் போக வேண்டும். தாமதமானால் எதற்காகக் கிடைத்தது என்பதே அதற்குப் புரியாது. அதனால் தீனி வைக்கும் இந்தப் பையில் முதலில் பார்க்க வேண்டியது வாய்ப்பகுதிதான். ஜிப், சுருக்குக் கயிறு இரண்டும் நேரத்தைத் தின்னும். காந்த மூடி அல்லது தொட்டவுடன் திறந்து அப்படியே நிற்கும் வாய் நல்லது. விரல்கள் சேர்ந்து உள்ளே போகும் அகலம் இருக்கிறதா என்று கடையிலேயே கையை விட்டுப் பாருங்கள்.

வெறும் கிளிப் வைத்த பை குனிந்தாலோ ஓடினாலோ கழன்றுவிடும். பெல்ட் உள்ளதே என் தேர்வு. அதையும் முன்பக்கம் கட்டாமல் இடுப்பின் பின்புறமாகத் தள்ளிக் கட்டுங்கள். முன்னால் தொங்கினால் நாயின் கண் உங்கள் முகத்தை விட்டுப் பையிலேயே நிற்கும்.

ஈரத் தீனி கொடுப்பவர்களுக்கு சிலிக்கான் பையோ கழற்றிக் கழுவக்கூடிய உள்துணியோ அவசியம். இல்லையென்றால் நாற்றமெடுக்கும்.

பரிசாகப் பொம்மையும் கொடுப்பீர்கள் என்றால் அதற்குப் பையில் தனி அறை வேண்டும். தீனி வாடை ஏறிய கயிற்றுப் பொம்மையை இழுத்து விளையாடாமல் மென்று தின்னப் பார்க்கும் நாய்கள் உண்டு. நீளமான இழுவைப் பொம்மை என்றால் பேன்ட்டின் பின்பாக்கெட்டே போதும், சட்டென உருவலாம்.

அப்புறம், உங்கள் சூயிங்கம்மை அந்தப் பையில் போடவே போடாதீர்கள். சர்க்கரையில்லா சூயிங்கம் பலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாய்க்குக் கடும் விஷம். வீடு திரும்பியதும் பையைக் காலிசெய்து, நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிடுங்கள்.