வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன்: பிராண்டுக்கு முன் கட்டையின் நீளம்

அமெரிக்காவில் முதல் ஷாட்கன் வாங்குபவர்களுக்கான விளக்கம் இது. கட்டை என்பது தோளில் பதியும் பின்பகுதி. "எது நம்பகமானது?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு மாடல் பெயரைச் சொல்வார்கள். ஆனால் பம்ப் ஷாட்கன் (ஒவ்வொரு முறை சுட்டதும் முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை) சிக்கிக்கொள்ளும்போது பெரும்பாலும் தவறு இரும்பில் இல்லை, இழுக்கும் கையில் இருக்கிறது. அந்தக் கை ஏன் தவறுகிறது என்பதற்கு மூன்றாம் படியில் வருகிறேன்.

படி 1: உங்களால் வாங்க முடியுமா?

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதைக் கேட்பார்கள்; தெரிந்தே பொய் சொன்னால் அதுவே கிரிமினல் குற்றம். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியச் சட்டப்படி, தனிப் பதிவு இல்லாமல் குழல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. கடைகளில் 18½ அங்குலக் குழல் அதிகம் தென்படுவது இதனால்தான்.

படி 2: பம்ப்பா, செமி ஆட்டோவா?

கையில் 1500 டாலருக்கு மேல் இருந்து, பழகவும் நேரம் இருந்தால் பெரெட்டா 1301 போன்ற வாயு அழுத்தத்தில் இயங்கும் செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் வகை) அருமை. சுடும்போது தோளில் விழும் உதையும் குறைவு. இல்லையென்றால் பம்ப் போதும். பெட்டி மேகசின் (கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி) மாட்டிய மலிவு செமி ஆட்டோக்கள் பார்க்கப் படைத்துப்பாக்கி மாதிரி இருக்கும். அவற்றை உயிர்காக்கும் வேலைக்கு நம்பாதீர்கள்.

பம்ப்பில் என் ஓட்டு மாஸ்பெர்க் 500 அல்லது 590க்கு. சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) ரிசீவரின், அதாவது இயந்திரம் இருக்கும் நடுப்பகுதியின் மேல், பெருவிரலுக்கு நேராக இருக்கும். இடதுகைக்காரருக்கும் அதே வசதி. ரெமிங்டன் 870இல் அது ட்ரிக்கருக்குப் பின்னால் குறுக்குப் பொத்தான். காசு இறுக்கமா? மாஸ்பெர்க்கே தயாரிக்கும் மேவரிக் 88 வாங்குங்கள். உள்ளே ஏறக்குறைய அதே இயந்திரம்தான், சேஃப்டி மட்டும் குறுக்குப் பொத்தான். மாஸ்பெர்க் 500இன் பிளாஸ்டிக் சேஃப்டிப் பொத்தான் சில நேரம் உடையும். உலோகப் பொத்தான் சில டாலர்தான், மாற்றிவிடுங்கள்.

12 கேஜ், 20 கேஜ் என்ற எண்ணில் பலர் குழம்புவார்கள். குழலின் விட்டத்துக்குச் சரியான ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதே கேஜ். அதனால் 12தான் பெரிது, 20 சிறிது. உதை தாங்காதவருக்கு 20 கேஜ் தாராளமாகப் போதும்.

படி 3: கட்டையின் நீளம் (இங்கே அவசரம் வேண்டாம்)

பம்ப் ஷாட்கனில் சுட்டதும் முன்பிடியை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, முழுதாக முன்னுக்குத் தள்ள வேண்டும். வெற்றுத் தோட்டாவைத் தட்டி வெளியே எறிகிற வேலை இழுப்பின் கடைசிப் பகுதியில்தான் நடக்கிறது. முக்கால் இழுப்பில் கை திரும்பிவிட்டால் வெற்றுத் தோட்டா சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) விட்டு வரும், ஆனால் வெளியே பறக்காது. முன்னே வரும் போல்ட் (தோட்டாவைத் தள்ளி சேம்பரை மூடும் உலோகத் துண்டு) அதை வாசலிலேயே கடித்துப் பிடித்துக்கொள்ளும். அல்லது பழையது வெளியே போயிருக்கும், புதியது மேகசின் குழாயை (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்) விட்டு வந்திருக்காது. ட்ரிக்கரை அழுத்தினால் 'க்ளிக்' சத்தம் மட்டும். இதுதான் அரை இழுப்பு.

கட்டை நீளமானால் முன்பிடி தள்ளிப்போகும், இடது முழங்கை ஏறக்குறைய நேராகிவிடும். நீட்டிய கைக்குக் கடைசி அங்குலத்தை வேகமாக இழுக்கும் வலு இருக்காது. கடையில் வரும் கட்டைகள் பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டியவை; பறவை வேட்டையில் பக்கவாட்டில் நிற்பவருக்கான அளவு அது. வீட்டில் நெஞ்சை எதிரே காட்டி நிற்கும்போது, அதுவும் ஐந்தரை அடி உயரக்காரருக்கு, 12½ முதல் 13 அங்குலம்தான் கைக்கு அடங்கும்.

அளவு என்பது ட்ரிக்கரின் முகப்பிலிருந்து கட்டையின் அடி நடுவரை. கடைக்காரரிடம் கேட்டு, சேம்பர் காலி என்பதைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் உறுதிசெய்துகொண்டு, துப்பாக்கியைத் தோளில் பதியுங்கள். முன்பிடி முழுதாக முன்னே இருக்கும்போது இடது முழங்கையில் தெளிவான மடிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் சிறிய கட்டை மாட்டுங்கள். மேக்புல் எஸ்ஜிஏ கட்டையில் இடைத்தகடுகளைக் கழற்றி, சேர்த்து நீளத்தை மாற்றலாம். டார்ச் மாட்டுவதற்கு முன் செலவு செய்ய வேண்டிய இடம் இது.

படி 4: கடையில் கைவைத்துப் பார்க்க

முன்பிடி அசையவே இல்லையா? பழுது இல்லை. இயங்குமுறை தயார்நிலையில் பூட்டியிருக்கிறது. விடுவிக்கும் நெம்புகோல் மாஸ்பெர்க்கில் ட்ரிக்கர் வளையத்துக்குப் பின்னால் இடப்பக்கம், 870இல் வளையத்துக்கு முன்னால்.

பழைய 870 என்றால் அடியிலிருந்து தோட்டா ஏற்றும் தட்டைப் பாருங்கள். 'ப' வடிவ வெட்டு இருந்தால் நல்லது. தோட்டா தட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே மாட்டினாலும் திறக்க வழி உண்டு. வெட்டு இல்லாத பழைய தட்டில் அது அப்படியே இறுகிப்போகும். 870 எக்ஸ்பிரஸ் சிலவற்றில் சேம்பர் சொரசொரப்பாக இருக்கும், மலிவான இரும்பு அடித் தோட்டாக்கள் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மெருகேற்றினால் சரியாகும்.

படி 5: தோட்டா

பறவைக்கான பேர்ட்ஷாட் வேண்டாம், ஆழமாகப் பாயாது. 2¾ அங்குல 00 பக்ஷாட் (பெரிய ஈயக் குண்டுகள் கொண்ட தோட்டா; 00 என்பது குண்டின் அளவு) போதும்; 3 அங்குலம் கூடுதல் உதைதான் தரும். குண்டுகள் அதிகம் சிதறாமல் செல்லும் ஃபெடரல் ஃப்ளைட்கன்ட்ரோல் 8 குண்டுத் தோட்டா என் முதல் தேர்வு. சாதாரண 9 குண்டுத் தோட்டாவில் ஒரு குண்டு கூட்டத்தை விட்டுத் தனியே ஓடும் பழக்கம் உண்டு. 00 பக்ஷாட் ஜிப்சம் பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். குழந்தைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் தூங்குகிறார்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மிக நீளமான நேர்கோட்டை அளந்து, ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களம்) அதே தூரத்தில் பெரிய தாளில் சுடுங்கள். சாதாரண பக்ஷாட் கஜத்துக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் விரியும், ஃப்ளைட்கன்ட்ரோல் அதைவிட மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு விதம். தாள் சொல்வதுதான் கணக்கு.

படி 6: ரேஞ்சில் பரீட்சை

மலிவான தோட்டா 100, வீட்டில் வைக்கப்போகும் பக்ஷாட் 25. காதுக்கவசம், கண்ணாடி கட்டாயம். சிக்கல் வந்தால் உடனே துப்பாக்கியைத் திட்டாமல், நண்பரிடம் கொடுத்து அதே தோட்டாவைச் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் ஓடினால் அது அரை இழுப்பு. வீட்டில் போலித் தோட்டாக்களை வைத்துத் தினமும் பத்துமுறை இழுத்துப் பழகுங்கள். அசல் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

வைக்கும் விதம்

பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி ட்ரிக்கரை மட்டுமே தடுக்கும், அடிக்கும் ஊசியைத் தடுக்காது. சேம்பரில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு. ஆகவே சேம்பர் எப்போதும் காலி, தோட்டாக்கள் மேகசின் குழாயில், துப்பாக்கி பூட்டிய பெட்டியில்.

பின்சேர்க்கை 1: "ஐந்து தோட்டா என்றார்கள், இரண்டுதான் போகிறது" என்ற குழப்பம் புதியவர்களிடம் அடிக்கடி வரும். இடம்பெயர் பறவை வேட்டையில் மொத்தம் மூன்று தோட்டாதான் இருக்கலாம் என்பது விதி. அதற்காக வேட்டை மாடல்களின் மேகசின் குழாயில் ஒரு குச்சியைப் போட்டே விற்கிறார்கள். காலியாக்கி, மூடியைத் திறந்து உருவிவிடுங்கள். திறக்கும்போது சுருள்கம்பி முகத்தை நோக்கிப் பாயும், கையால் அழுத்திப் பிடியுங்கள்.

பின்சேர்க்கை 2: 1¾ அங்குலக் குட்டித் தோட்டாக்கள் மாஸ்பெர்க் 500இல் அப்படியே சரியாக ஓடாது. ஏற்றும் தட்டில் நிற்காமல் திரும்பிவிடும். ரப்பர் அடாப்டர் ஒன்று விற்கிறது. பயிற்சிக்குச் சரி, படுக்கை அருகே வைக்கும் துப்பாக்கிக்கு வேண்டாம்.