கழிவறைக் கோப்பையைச் சுற்றி சிலிக்கான் பூசிவிடாதீர்கள்

புது நாட்டில் வந்து இறங்கியதும் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வரி எண் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். கழிவறைக் கோப்பைக்குப் பின்னால் குனிந்து பார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. வாடகை முன்பணத்தில் பாதிக்கு மேல் அங்கே இருந்த ஒரு கசிவிலேயே போயிற்று.

வாடகை வீடு என்றால் செய்ய வேண்டியது சுருக்கம். ஈரத்தைப் பார்த்த அன்றைக்கே படம் எடுத்து வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது, தேதியோடு எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு ஸ்குரூவையும் தொடாதீர்கள். நான் இது எதையும் செய்யவில்லை.

ஒருநாள் காலையில் கோப்பையின் அடியில் கொஞ்சம் ஈரம். பாத்ரூம் தரையில் ஈரம் இருப்பது நமக்கெல்லாம் ஒரு செய்தியா? துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் லேசாக நாற்றம் வந்தது. வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். "சுத்தி வெள்ளை சிமெண்டைப் பூசி விடுடா, நின்னுடும்" என்றார். அவர் கட்டிய வீட்டில் முப்பது வருஷமாக அப்படித்தான் நிற்கிறது. வெள்ளை சிமெண்டுக்கு எங்கே போவது? இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை டியூப் ஒன்றை வாங்கி, கோப்பை தரையைத் தொடும் இடம் முழுக்க அழகாக இழுத்துவிட்டேன். மறுநாள் தரை காய்ந்து கிடந்தது. பெருமையாக அப்பாவுக்குப் படமும் அனுப்பினேன்.

கசிவு நிற்கவே இல்லை. எங்கள் வீட்டுக் கோப்பை சுவரோடு ஒட்டி நிற்கும் ரகம். கழிவுக்குழாய் சேரும் மூட்டு அதன் வயிற்றுக்குள் மறைந்திருக்கும். அங்கே சொட்டிய தண்ணீர் முன்பு ஓரத்தில் வெளியே வந்து என்னை எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன். நம் ஊரில் கீழே கான்கிரீட், மூலையில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. இங்கே பல வீடுகளில் டைலுக்கு அடியில் வெறும் மரப்பலகை, தரையில் ஓட்டையும் கிடையாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் தண்ணீர் குடித்து ஊதிவிடும், காய்ந்த பிறகும் பழையபடி ஆகாது. மூன்று வாரம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். அவர் கூரையில் தட்டு அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம். காப்பீடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். திடீரென்று குழாய் வெடித்தால் பணம் வரலாம், நாள்கணக்கில் மெல்லக் கசிந்த சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

பிளம்பர் வந்து கழற்றிக் காட்டினபோது விஷயம் அற்பமாக இருந்தது. கோப்பையின் வாயையும் சுவர்க்குழாயையும் இணைக்கும் ரப்பர் கனெக்டரின் உதடு ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. காரணம், தரையில் கோப்பையைப் பிடித்திருந்த ஸ்குரூக்களில் ஒன்று தளர்ந்திருந்தது. உட்காரும்போதெல்லாம் கோப்பை மயிரிழை ஆடும், மூட்டும் கூடவே நகரும். ஆடுகிறது என்று எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே முதலில் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடுத்து, எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ வையுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே நனைந்தால் தண்ணீர் வரும் பக்கத்தில்தான் கோளாறு. ஃப்ளஷ் செய்யும்போது மட்டும் நனைந்தால், தொட்டியிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் இறங்கும் இடமோ கழிவு மூட்டோ. கோப்பைக்குள் நிற்கும் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். டிஷ்யூவில் நீலம் தெரிந்தால் கழிவுப் பக்கம்தான். குளிர் காலத்தில் தொட்டியின் வெளிப்புறம் வியர்த்துச் சொட்டுவதும் உண்டு, அதைக் கசிவென்று நினைத்துப் பாதி ராத்திரியில் பதற வேண்டாம்.

சொந்த வீடாக இருந்து நீங்களே இறங்குவதானால், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வால்வை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து, தொட்டியிலும் கோப்பையிலும் மிச்சமிருப்பதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தண்ணீர் இணைப்பைக் கழற்றி, தரை ஸ்குரூக்களையும் எடுத்தபின் கோப்பையை நேராக முன்னால் இழுக்க வேண்டும். திறந்து கிடக்கும் சுவர்க்குழாயில் பழந்துணியைச் செருகுங்கள். நாற்றமும் வராது, ஸ்குரூவும் உள்ளே விழாது. பழைய கனெக்டரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது நல்லது. நேர், வளைவு, மையம் விலகினது, மடங்கி நீள்வது என்று பல வகை இருக்கிறது, கண் மதிப்பில் வாங்கினால் இரண்டு நடை.

மாட்டும்போது துணியை எடுக்க மறக்காதீர்கள் (சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது). இரண்டு பக்க வாயையும் சுத்தமாகத் துடைத்து, ரப்பரில் பாத்திரம் கழுவும் திரவத்தை லேசாகத் தடவி, கனெக்டரை முதலில் சுவர்க்குழாயில் ஏற்றுங்கள். பிறகு கோப்பையைக் கோணாமல் தள்ளுங்கள். காய்ந்த ரப்பரைக் கோணலாகத் தள்ளினால் என் வீட்டு உதடு மாதிரியே மடியும். பசையோ சிலிக்கானோ அந்த மூட்டுக்குத் தேவையே இல்லை. அங்கே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்பதில்லை, ஃப்ளஷ் செய்யும் சில வினாடிகள் ஓடிப்போவதுதான். ஸ்குரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் நிறுத்திவிடுங்கள், பீங்கான் விரிசல் விட்டால் புதுக் கோப்பைதான்.

சில நாடுகளில் கோப்பையின் வாய் நேராகத் தரைக்குள் இறங்கும், அடியில் மெழுகு வளையம் இருக்கும். அந்த வகையில் ஒருமுறை தூக்கினால் பழைய வளையத்தைத் திரும்பப் போடக் கூடாது, புதியது கையில் இல்லாமல் தூக்கவே வேண்டாம்.

முடித்ததும் ஐந்தாறு முறை ஃப்ளஷ் செய்து, டிஷ்யூவை ஒரு ராத்திரி அங்கேயே விட்டு வையுங்கள். காலையில் காய்ந்திருந்தால் சரி. அப்பாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. போன வாரம்கூடக் கேட்டார், "அந்த சிலிக்கான் நின்னுதாடா?" என்று.