பல்கலைக்கழக ஊழியர்கள் விஷயத்தில் நிர்வாகம் செய்யக்கூடாத தவறுகள்

புதிய பருவத்துக்கான கால அட்டவணையைத் துறைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஒப்பந்த விரிவுரையாளர் ஒருவரின் பெயர் அதில் மூன்று இடங்களில் இருக்கிறது. பணி நீட்டிப்பு ஆணை மட்டும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. துறைத் தலைவரிடம் கேட்டால், "அதெல்லாம் வந்துடும், நீங்க பாடத்தை ஆரம்பிங்க" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆணை பெரும்பாலும் வந்துதான் விடும். ஆனால் அது வரும்வரை அந்த விரிவுரையாளர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயங்குகிறார். வங்கியில் கடன் கேட்டால், அடுத்த மாதம் சம்பளம் வரும் என்று காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை.

எழுத்தில் இருக்க வேண்டியதை யாரோ ஒருவருடைய நல்ல மனசுக்கு விட்டுவிடுகிறோம். பல்கலைக்கழகங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. நல்ல தலைவர் இருக்கும்வரை துறை நன்றாகவே நடக்கும். அவர் மாறிப்போனதும் எல்லாரும் முதலிலிருந்து கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஒப்பந்த விஷயத்தில் இதைச் சரிசெய்வது கடினமில்லை. ஒப்பந்தம் முடிவதற்கு இத்தனை வாரம் முன்பே நீட்டிப்பு உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும் என ஒரு விதி இருந்தால் போதும். 'இல்லை' என்ற பதில்கூட நேரத்தோடு வந்தால் மனிதர் வேறு வேலை தேடிக்கொள்வார். அப்புறம், ஒரே பாடத்தை ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் நடத்துகிறார் என்றால் அது தற்காலிகத் தேவையே இல்லை. அந்த இடத்தை நிரந்தரமாக்குவது பற்றித்தான் பேச வேண்டும். உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் ஏற்ற பரிந்துரை, நிரந்தரப் பணியைக் கல்விச் சுதந்திரத்தின் முக்கியமான பாதுகாப்புகளில் ஒன்றாகச் சொல்கிறது. அடுத்த பருவம் வேலை இருக்குமா என்று தெரியாதவர் துறைக் கூட்டத்தில் எதிர்க்கருத்து எப்படிச் சொல்வார்?

பகுதி நேர ஆசிரியர்களுக்கு முழு நேர ஆசிரியர்களின் ஊதிய விகிதமே பொருந்த வேண்டும் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. நடைமுறையில் வகுப்பில் நின்ற மணிக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். ஒரு கட்டுரையைப் படித்து, ஓரத்தில் நாலு வரி எழுதி, மதிப்பெண் போட 15 நிமிடம். ஒரே ஒரு பயிற்சிக்கு 15 மணி நேரம் போய்விடுகிறது. பாடம் தயாரிப்பது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, வகுப்பு முடிந்ததும் அழுதுகொண்டு வரும் மாணவரோடு உட்கார்ந்து பேசுவது எதுவும் இதில் சேரவில்லை. பணிச்சுமைப் பட்டியல் போடும்போது இவை அத்தனையும் மணிக்கணக்காக அதில் ஏற வேண்டும். பட்டியலைத் துறையில் உள்ள எல்லாரும் பார்க்கும்படி வைக்கவும் வேண்டும். அப்படி வைத்த உடனே ஒன்று தெரியவரும்: கூட்டக் குறிப்பு எழுதுவது, விருந்தினரைக் கவனிப்பது, மாணவர் குறைகளைக் கேட்பது போன்ற வேலைகள் பெரும்பாலும் இளையவர்கள் தலையில், அதிலும் பெண்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

பணி மதிப்பீட்டிலும் இந்தப் பாகுபாடு ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இணையவழி வகுப்பு ஒன்றில், ஆசிரியர்கள் ஒரு குழுவுக்கு ஆணாகவும் இன்னொரு குழுவுக்குப் பெண்ணாகவும் அறிமுகமானார்கள். ஆண் என்று நம்பப்பட்டவருக்கே மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான். ஆனாலும் மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்து ஒருவரின் பதவி உயர்வை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு எனக்கு அது போதும். நேர்காணலிலும் அப்படித்தான். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை விண்ணப்பங்களைப் பிரிக்கும் முன்பே எழுதிவையுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கல்யாணம், குழந்தை பற்றிய கேள்வி எந்தச் சாக்கிலும் வேண்டாம்.

"கேட்டால் தந்துவிடுவோமே" என்பது இன்னொரு தவறு. கேட்பதற்கே பயப்படுகிறவர்களுக்கு அது தராததற்குச் சமம். மகப்பேறு பாதுகாப்பு பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் விடுப்பு என்கிறது. திரும்பி வரும்போது அதே பணியோ, அதே ஊதியமுள்ள இணையான பணியோ தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் திரும்பி வருகிறவரின் பாடம் வேறொருவரிடம் போயிருக்கும், ஆய்வகத்தில் அவருடைய மேசையில் வேறு கணினி இருக்கும். ஆராய்ச்சித் திட்டத்தின் கெடுவோ அவர் விடுப்பில் இருந்தபோதும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். கெடு நீட்டிப்பு விண்ணப்பிக்காமலே தானாகக் கிடைக்க வேண்டும்.

புகார் சொல்லும் வழிதான் எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது. ஆய்வு உதவியாளரின் ஊதியம், ஆய்வேட்டின் ஒப்புதல், பரிந்துரைக் கடிதம் மூன்றும் ஒரே பேராசிரியரின் கையெழுத்தில் இருக்கின்றன. அவர்மீதே புகார் என்றால் "முதலில் துறையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பணியிட வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிராக 2019இல் கொண்டுவந்த 190ஆம் உடன்படிக்கை பயிற்சியாளர், தன்னார்வலர், வேலைக்கு விண்ணப்பித்தவர், பணி நீக்கப்பட்டவர் வரை எல்லாரையும் உள்ளடக்குகிறது. துறைக்கு வெளியே ஒரு குழு இருக்க வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொண்டாலும் உதவித்தொகை நிற்கக்கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினாலும் ஒருவரும் வாய் திறக்கப் போவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஆசிரியர்களைப் பற்றியே இருக்கிறது. நூலகம், ஆய்வகம், அலுவலகம், துப்புரவு, காவல் என்று வேலை செய்கிறவர்களுக்கும் இவை அப்படியே பொருந்தும். வெளி நிறுவனம் வழியாக வந்தவர்கள் என்று சொல்லி நிர்வாகம் கைகழுவவும் கூடாது.

விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். சரி, நீங்கள் துறைத் தலைவராக இருந்தால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் துறையில் யாருடைய ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் முதலில் வரும் பெயருக்காகப் பதிவாளருக்கு இன்றே கடிதம் போடுங்கள். அதன் நகலை அந்தப் பெயருக்கு உரியவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.