காலி பாட்டில்ல மாட்டிக்கிட்ட நம்ம காச எப்படி திருப்பி எடுக்கறது

சென்னைல வாடகை வீட்டுல இருக்கறவங்க பால்கனில ஒரு மூட்டை கண்டிப்பா இருக்கும். தண்ணி பாட்டில், கூல்ட்ரிங்ஸ் பாட்டில், ரெண்டு மூணு கண்ணாடி பாட்டில், ஓரமா ஒரு காலி தண்ணி கேன். எல்லாத்தயும் ஒரே கவர்ல கட்டி குப்பை வண்டில ஏத்திடாதீங்க. அதுல சிலதுக்கு நீங்க ஏற்கனவே டெபாசிட் கட்டியிருப்பீங்க, சிலதுக்கு கட்டல, ஆனா எடைக்கு போட்டா காசு வரும், சிலது எதுக்கும் தேறாது.

மொதல்ல 20 லிட்டர் கேன், ஏன்னா அதுலதான் நெறய பேர் ஏமாறுறாங்க. இந்த கேன் டெபாசிட்டுக்கு கவர்மெண்ட் ரேட்டு, ரசீதுனு எதுவும் கெடயாது, கடைக்காரருக்கும் நமக்கும் நடுவுல வாய்ப்பேச்சுதான். மடிப்பாக்கத்துல நான் வீடு காலி பண்ணப்ப ரெண்டு கேனோட போய் நின்னேன், "காசு வாங்குனவரு கடைய வித்துட்டு போயிட்டாரு சார், நான் வாங்கலயே"ன்னு கடைய புதுசா வாங்கினவரு ஒரே வரில முடிச்சிட்டாரு. எங்கிட்ட ஒரு துண்டு சீட்டு கூட இல்ல, என்னத்த சண்டை போட. அதனால இப்ப டெபாசிட்ட கைல குடுக்கறதே இல்ல, ஜிபேல போட்டு நோட்ல "2 கேன் டெபாசிட்"னு எழுதிடுவேன், அதே நம்பருக்கு வாட்ஸப்ல கேன் போட்டோவும் அனுப்பி ஒரு ஓகே வாங்கி வெச்சுக்குவேன். கேன் போடற தம்பி உள்ள எறக்கறப்பவே அடில கீறல் இருக்கா, கழுத்துகிட்ட விரிசல் இருக்கானு திருப்பி பாருங்க, இருந்தா அப்பவே மாத்தி கேளுங்க, நாளைக்கு அது நீங்க ஒடச்ச கேன் ஆயிடும். வீடு மாத்தறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க, கடைசி கேன் காலியானதும் மறுபடி ரொப்பி வாங்காம அதயே குடுத்து காச கேளுங்க. லாரில சாமான் ஏத்துற அன்னிக்கு போய் கேட்டா "சாயங்காலம் வாங்க சார்"தான் பதிலு.

அடுத்தது டாஸ்மாக் பாட்டில். விலைக்கு மேல 10 ரூபா சேர்த்து வாங்கிட்டு காலி பாட்டில குடுத்தா திருப்பி தர்ற திட்டம் இது, 2022 மே மாசம் நீலகிரில ஆரம்பிச்சது. ஒடஞ்ச பாட்டில் காட்டுக்குள்ள கெடந்து யானை கால்ல குத்துதுனு ஹைகோர்ட்டு வரைக்கும் போன விஷயம், அதுக்கப்புறம் பெரம்பலூர், கோயம்புத்தூர்னு மத்த மாவட்டத்துக்கும் வந்துச்சு. இதுல உயிரே டெபாசிட் பாட்டில்ல ஒட்டி வர்ற ஸ்டிக்கர்தான், அது இல்லன்னா காசு திரும்ப வராது. 10 ரூபா அதிகமா கேட்டா உடனே எகிறாதீங்க, பாட்டில்ல ஸ்டிக்கர் இருக்கானு பாருங்க, இருந்தா அது டெபாசிட்டு, இல்லன்னா எதுக்கு அந்த காசுனு தாராளமா கேக்கலாம். ஐஸ் பக்கெட்ல முக்கி வெச்சா ஸ்டிக்கர் ஊறி மூலை தூக்கிக்கும், அப்புறம் கைல வழுக்கிட்டு வந்துடும். ஃப்ரண்ட்ஸ் கூட ஊட்டி போனப்ப ஆறு பாட்டில்ல ரெண்டு இப்படி போச்சு, இருபது ரூபா காலி. பாட்டில் ஒடயவும் கூடாது.

கோலி சோடா, பன்னீர் சோடா பத்தி நெறய சொல்ல தேவையில்ல. கடைலயே நின்னு குடிச்சா டெபாசிட் இல்ல, வீட்டுக்கு எடுத்துட்டு போனாதான் அண்ணாச்சி கேப்பாரு. உள்ள இருக்கற சோடாவ விட பாட்டில் வெல ஜாஸ்தி, கேக்கத்தான் செய்வாரு. எந்த சட்டமும் இல்லாமயே அந்த காலத்துலேர்ந்து ஓடற டெபாசிட் சிஸ்டம் இது.

இப்ப பிளாஸ்டிக் பாட்டில், அதாவது அடில முக்கோணத்துக்குள்ள 1னு போட்டிருக்கற பெட் பாட்டில். இதுக்கு நம்மகிட்ட டெபாசிட் இல்ல. 2022 பிப்ரவரில சென்ட்ரல் கவர்மெண்ட் கொண்டு வந்த விதிப்படி பாட்டில மார்க்கெட்ல விடற கம்பெனிதான் அத திரும்ப எடுக்கறதுக்கும் பொறுப்பு, டெபாசிட் வெச்சு கூட திரும்ப வாங்கலாம்னு அதுல இருக்கு, ஆனா வெச்சே ஆகணும்னு இல்ல, அந்த ஒரு "லாம்"லதான் கம்பெனிங்க தப்பிச்சிட்டாங்கன்னு எனக்கு தோணும். ஜெர்மனில 2003லேர்ந்தே கட்டாயம், ஒரு பாட்டிலுக்கு 25 சென்ட், சூப்பர்மார்க்கெட் மிஷின்ல போட்டா அந்த காசுக்கு சீட்டு வரும், அங்க இருக்கற என் மச்சான் காலி பாட்டில பை நெறய தூக்கிட்டுதான் கடைக்கு போவாராம். நம்ம ஊர்ல அந்த வேலய பாக்கறது பழைய பேப்பர் கடையும் தெருத்தெருவா பொறுக்கற ஆளுங்களும்தான்.

கடைல போடணும்னா இப்படி பண்ணுங்க. உள்ள இருக்கறத கொட்டிட்டு லேசா அலசுங்க, இல்லன்னா எறும்பு மூட்டையோட வரும். மூடிய கழட்டி தனியா ஒரு கவர்ல போடுங்க, ஏன்னா மூடி வேற பிளாஸ்டிக். சந்தேகம்னா ரெண்டயும் வெட்டி பக்கெட் தண்ணில போட்டு பாருங்க, மூடித்துண்டு மெதக்கும், பாட்டில் துண்டு அடில போயிடும், ரீசைக்கிள் பண்ற எடத்துலயும் இப்படித்தான் பிரிக்கறாங்க. அப்புறம் பாட்டில மிதிச்சு நசுக்குங்க. ஒரு கிலோ தேற நாப்பது அம்பது பாட்டில் வேணும், அதனால மாசம் ஒருக்கா போனா போதும். ரேட்டு ஏறி எறங்கிட்டே இருக்கும், ரெண்டு கடைல கேட்டுட்டு போடுங்க. புது பாட்டில்ல பழைய பிளாஸ்டிக் 2025-26ல 30 சதவீதம், 2028-29ல 60 வரைக்கும் கலக்கணும்னு விதி இருக்கறதால சுத்தமான பாட்டிலுக்கு தேவை இருந்துட்டேதான் இருக்கும்.

அலுமினிய கேன் இருந்தா அத பெட் பாட்டிலோட கலக்காம தனியா எடை போட சொல்லுங்க, அதுக்கு ரேட்டு ஜாஸ்தி, ஒண்ணா போட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். கடைக்கு போக சோம்பேறித்தனமா இருந்தா கார்ப்பரேஷன் வண்டி வர்றப்ப நீல தொட்டில போடுங்க. பச்சை தொட்டில சாம்பார் சாதத்தோட சேத்து போட்டீங்கன்னா அது நேரா கொடுங்கையூரோ பெருங்குடியோதான். ஜூஸ் வர்ற அட்டை டப்பா மட்டும் பேப்பர்காரர் தொட மாட்டாரு, பேப்பர், பிளாஸ்டிக், அலுமினியம் மூணும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதயும் கழுவி நீல தொட்டிலயே போட்டுடுங்க.