சாய்வு சான்செரிஃப்: கோணம் கொடுத்தபின் செய்யவேண்டிய வேலை

நிமிர்ந்த எழுத்துருவை மென்பொருளில் 10 பாகை சாய்த்தால் பாதி வேலைதான் முடியும். மீதியைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்த வேண்டும்.

முதலில் கோணம். சான்செரிஃபுக்கு, அதாவது கோட்டு முனைகளில் சிறு குறுக்குக்கோடு இல்லாத எழுத்துருவுக்கு, 8 முதல் 12 பாகை வரை பொருந்தும். இதைவிடக் குறைந்தால் சிறிய அளவில் சாய்வே தெரியாது. 1957இல் வந்த யூனிவர்ஸ் என்ற சான்செரிஃபுக்கு அதை வடிவமைத்த அட்ரியன் ஃப்ரூட்டிகர் 16 பாகை கொடுத்தார். அந்தத் துணிச்சல் ஒவ்வோர் எழுத்தையும் திருத்தி வரைபவர்களுக்கே கைகொடுக்கும்.

சாய்ப்பின் மையத்தை, அதாவது சாய்க்கும்போது நகராமல் நிற்கும் உயரத்தை, எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டில் வைக்காதீர்கள். சிற்றெழுத்து உயரத்தின் (ஆங்கிலச் சிறிய x-இன் உயரம்) பாதியில் வையுங்கள். அந்த உயரம் 500 அலகு, கோணம் 10 பாகை என்றால், அடிக்கோட்டிலிருந்து சாய்த்த எழுத்தின் நடுப்பகுதி 44 அலகு வலப்பக்கம் போய்விடும். முன்னால் இடைவெளி விழும், பின்னால் நெருக்கும்.

இனி ஆங்கில ‘ஓ’வைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது மேல் வளைவும் இடது கீழ் வளைவும் தடித்திருக்கும், மற்ற இரு மூலைகளும் மெலிந்திருக்கும். மென்பொருள் புள்ளிகளைக் கிடையாக மட்டுமே நகர்த்துவதுதான் காரணம். சாய்வின் திசையில் ஓடும் கோடு நீண்டு மெலிகிறது. எதிர்த்திசையில் ஓடும் கோடு சுருங்கித் தடிக்கிறது. ஆங்கில ‘வி’யின் (V) இடக்கால் தடித்து வலக்கால் மெலிவதும் ‘ஏ’யில் (A) அதுவே தலைகீழாக நடப்பதும் இதனால்தான். இடம், வலம் என இரு ஓரங்களிலும் வளைவு திரும்பும் உச்சப்புள்ளிகளைப் புதிதாகப் போட்டுவிட்டு, உள்வளையத்தின் வளைவைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிகளை நகர்த்தித் தடிப்பைச் சமப்படுத்துங்கள். எழுத்துரு வரையும் க்ளிஃப்ஸ் மென்பொருளில் உள்ள கர்சிவி என்ற சாய்ப்பு வசதி இதில் ஓரளவு உதவும். ஆனால் நிலைக்கோடு, கிடைக்கோடு இரண்டின் தடிப்பையும் முன்பே பதிந்திருக்க வேண்டும்.

ஏற்றுமதியாகும் எழுத்துருக் கோப்பில் சாய்வுக் கோணம் எதிர்மறை எண்ணாக, அதாவது -10 என்று இருக்க வேண்டும். அங்கே நேர்மறையாக இருந்தால் சில செயலிகளில் சுட்டிக்கோடு இடப்பக்கம் சாயும். ஒரே கோப்பில் தடிப்பு, சாய்வு போன்றவற்றைக் கூட்டிக் குறைக்க உதவும் மாறும் எழுத்துருவின் சாய்வு அச்சுக்கும் இதே விதிதான்.

சான்செரிஃபில் சாய்வு தரும் வேறுபாடு மெல்லியது. படக்குறிப்பு, நூல்தலைப்பு, ஒன்றிரண்டு சொற்களின் அழுத்தம் ஆகியவற்றுக்கு அது போதும். உரத்துச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைக்குத் தடித்த எழுத்தே சரி. பத்தி முழுவதையும் சாய்த்தால் படிப்பவர் களைத்துவிடுவார்.

இணையத்தில் சாய்வுக் கோப்பை ஏற்ற மறந்தால், உலாவி நிமிர்ந்த எழுத்தைத் தானே தள்ளிச் சாய்க்கும். நீங்கள் திருத்திய வளைவு எதுவும் அங்கே இருக்காது. தமிழ் கலந்த வரிகளில் இது அடிக்கடி நடக்கும். பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது என்பதால், ஆங்கிலம் ஒழுங்காக நிற்க, பக்கத்தில் ‘ட’வும் ‘ப’வும் சரிந்து விழுவதுபோல் தெரியும். உலாவி தானாகச் சாய்ப்பதைக் கட்டுப்படுத்தும் ஃபான்ட் சிந்தசிஸ் (font-synthesis) என்ற சிஎஸ்எஸ் பண்பில் சாய்வை அணைத்துவிட்டு, தமிழ்ச் சொல்லுக்குத் தடிப்பையோ நிறத்தையோ கொடுங்கள்.